வெட்டுப்பட்ட ‘இல்லை’

ஓர் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் மூன்று கையெழுத்துகள் இருக்கின்றன. மூன்றாவது என்னுடையது. அதில் ‘மூல காரணம்’ என்ற கட்டத்துக்குள் ஒரே ஒரு வரி: ‘பயனர் திரையைச் சரியாகப் படிக்கவில்லை.’ இந்தக் கட்டுரையை அந்த வரிக்கு எதிராக எழுதுகிறேன். ஆகவே எனக்கு எதிராகவும்தான்.

துவாஸ் எங்கே இருக்கிறது என்று சிங்கப்பூர்க்காரர்களிடம் கேட்டால் ‘ரொம்பத் தூரம்’ என்பார்கள். பச்சை ரயில் பாதையின் மேற்குக் கடைசியில், 2017 ஜூனில் திறந்த துவாஸ் லிங்க் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து பேருந்து பிடித்துத்தான் நான் வேலைக்குப் போகிறேன். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தேன். வயது இருபத்தெட்டு. ஆலைகளுக்குள் பயன்படும் மென்பொருளைப் பொருத்துவதும் அது சண்டித்தனம் செய்தால் சரிசெய்வதும் என் வேலை. நான் எந்த நிறுவனத்துக்காக வேலை செய்கிறேன் என்பது இங்கே முக்கியமில்லை. இதே கதையை வேறு பெயர்களோடு சொல்லக்கூடிய பத்துப் பேரையாவது எனக்குத் தெரியும்.

நடந்தது இதுதான். எங்கள் இடத்தில் வேலை அனுமதிகளைக் காகிதத்திலிருந்து கைப்பேசிக்கு மாற்றினார்கள். ‘பெர்மிட்’ என்று தொழிலாளர்கள் சொல்லும் சமாச்சாரம். தொட்டிக்குள் இறங்குவது, வெல்டிங் செய்வது, உயரத்தில் ஏறுவது எல்லாவற்றுக்கும் பெர்மிட் வேண்டும். தொட்டி போன்ற மூடிய இடங்களுக்கு 2009ஆம் ஆண்டு வந்த தனி விதிமுறையே இருக்கிறது. உள்ளே ஆக்ஸிஜன் 19.5 விழுக்காட்டுக்கும் 23.5 விழுக்காட்டுக்கும் இடையில் இருக்க வேண்டும். தீப்பிடிக்கும் வாயு, வெடிக்கும் எல்லையின் பத்து விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். ஒருவர் விண்ணப்பிக்க, இன்னொருவர் வாயுவைச் சோதிக்க, மூன்றாமவர் அனுமதி தர வேண்டும். நல்ல விதி. உயிர் காக்கும் விதி.

புதிய செயலியை நான்கு மொழிகளில் தர முடிவானது. “உனக்குத் தமிழ் தெரியுமே” என்று தமிழ்ப் பகுதியை என்னிடம் தள்ளினார்கள். தொடக்கக் கல்லூரி வரைக்கும் தமிழ் படித்தவன், தமிழ் இதழ்கள் வாசிக்கிறவன் என்ற பெருமை எனக்கு. மூன்று இரவுகள் உட்கார்ந்து முந்நூற்றுச் சொச்சம் சொற்றொடர்களை மொழிபெயர்த்தேன். ‘அப்ரூவ்ட்’ என்பதற்கு ‘அனுமதிக்கப்பட்டது’. ‘நாட் அப்ரூவ்ட்’ என்பதற்கு ‘அனுமதிக்கப்படவில்லை’. இலக்கணப் பிழை இல்லை. என் தமிழாசிரியர் பார்த்திருந்தால் முதுகில் தட்டிக் கொடுத்திருப்பார்.

ஒரு காலை. இரண்டு தொட்டிகள், இரண்டு பெர்மிட்டுகள். ஒன்றுக்கு அனுமதி வந்துவிட்டது. மற்றொன்றுக்கு வாயுச் சோதனையே முடியவில்லை. புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து பதினோரு வருடமாக இங்கே வேலை செய்யும் போர்மேன் அண்ணன் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். பட்டியலில் இரண்டு வரிகள். இரண்டு வரியின் கடைசிக் கட்டத்திலும் ஒரே சொல்: ‘அனுமதிக்கப்…’

அந்தக் கட்டத்தின் அகலம் ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்தது. தமிழ்ச் சொல் கொள்ளவில்லை. கொள்ளாததை வெட்டிவிட்டு மூன்று புள்ளி வைப்பது மென்பொருளின் வழக்கம். ஆங்கிலத்தில் ‘நாட்’ முன்னால் வருகிறது. பின்னால் எவ்வளவு வெட்டினாலும் எச்சரிக்கை மிஞ்சும். தமிழில் மறுப்பு சொல்லின் வாலில் உட்கார்ந்திருக்கிறது. வாலை நறுக்கினால் ‘இல்லை’ போய்விடும். ஆமாம் என்பதும் இல்லை என்பதும் ஒரே முகத்தோடு நிற்கும்.

நிறம் இருந்ததே என்பீர்கள். இருந்தது. ஒன்று பச்சை, மற்றொன்று மஞ்சள். எண்ணெய் படாமல் இருக்க பிளாஸ்டிக் உறைக்குள் போட்டிருந்த பழைய கைப்பேசியில், துவாஸ் வெயிலில், இரண்டும் ஒரே வெளுப்பு.

ஒரு தம்பி தொட்டிக்குள் பாதி இறங்கியபோது அவர் மார்பில் மாட்டியிருந்த வாயு மானி கத்தியது. மேலே நின்றவர்கள் இழுத்துவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ‘மயிரிழையில் தப்பியது’ என்ற வகையில் பதிவாகி, விசாரணை நடந்து, அறிக்கை வந்தது. பயனர் விவரப் பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை. எனவே பயனரின் தவறு. தீர்வு இரண்டு. ஒன்று, அனைவருக்கும் மறுபயிற்சி. இரண்டு, இறங்குவதற்கு முன் ‘நான் முழுமையாகப் படித்துப் புரிந்துகொண்டேன்’ என்று ஒரு புதிய கட்டம். அதில் டிக் அடித்தால்தான் அடுத்த பக்கம் வரும். போர்மேன் அண்ணனுக்கு எச்சரிக்கைக் கடிதம். மொழிபெயர்ப்பு சரிதான் என்று சான்றளித்து நான் கையெழுத்து போட்டேன். மொழிபெயர்ப்பு சரியாகத்தானே இருந்தது?

*

பயனர் அனுபவ வடிவமைப்பு, சுருக்கமாக யூஎக்ஸ், என்ற துறை எதற்காகப் பிறந்தது என்று பார்த்தால் எங்கள் அறிக்கை எவ்வளவு வெட்கக்கேடானது என்பது புரியும்.

இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு ஓடுபாதையிலேயே வயிறு உரசி உட்கார்ந்துவிடும். விமானி இறக்கையின் மடிப்பைத் தூக்குவதற்குப் பதிலாகச் சக்கரத்தைத் தூக்கிவிடுவார். ‘விமானியின் தவறு’ என்றே எழுதி வந்தார்கள். 1943இல் அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் விமானி அறைக்குள் போய்ப் பார்த்தார். இரண்டு பிடிகளும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே மாதிரி இருந்தன. சக்கரத்துக்கான பிடியில் சின்ன ரப்பர்ச் சக்கரம் ஒன்றையும் மடிப்புக்கான பிடியில் ஆப்பு வடிவத் துண்டு ஒன்றையும் மாட்டச் செய்தார். கை தடவினாலே தெரிந்துவிடும். அந்தக் குழப்பம் தீர்ந்தது. விமானிகளுக்கு யாரும் மறுபயிற்சி கொடுக்கவில்லை.

1947இல் பால் ஃபிட்ஸும் ரிச்சர்ட் ஜோன்ஸும் ‘விமானியின் தவறு’ என்று முத்திரை குத்தப்பட்ட 460 அனுபவங்களைத் திரட்டி ஆராய்ந்தார்கள். பல பேர் ஒரே இடத்தில் ஒரே மாதிரி தவறு செய்தால் அந்த இடத்தில்தான் கோளாறு என்பது அந்த ஆய்வு விட்டுச் சென்ற பாடம். எழுபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. துவாஸுக்கு இன்னும் பேருந்து கிடைக்கவில்லை போல.

பிறகு துறை வளர்ந்தது. 1993இல் டான் நார்மன் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்தபோது ‘யூசர் எக்ஸ்பீரியன்ஸ்’ என்ற சொல்லைத் தன் பதவிப் பெயரிலேயே வைத்துக்கொண்டார். 2012இல் பிரிட்டிஷ் அரசு தன் இணையச் சேவைகளை ஒரே தளமாக்கியபோது, ‘பயனரின் தேவையிலிருந்து தொடங்கு’ என்பதைத் தன் முதல் கொள்கையாக வைத்தது. 2016இல் சிங்கப்பூரில் கவ்டெக் உருவானது. இன்று எந்தப் பெரிய நிறுவனத்துக்குள் போனாலும் ஒரு வடிவமைப்புக் குழு இருக்கும். சுவரெல்லாம் மஞ்சள், இளஞ்சிவப்பு ஒட்டுத்தாள்கள் இருக்கும். விமானி அறைக்குள் நுழைந்து தடவிப் பார்த்த துறை, கடைசியில் குளிர்சாதன அறைக்குள் வந்து ஒட்டுத்தாள் ஒட்டுகிறது.

எங்கள் செயலிக்கும் பட்டறை நடந்தது. ஒன் நார்த் பக்கம், நல்ல காப்பியோடு. ‘குமார், வயது 34, கட்டுமானத் தொழிலாளி, குடும்பத்தை நேசிப்பவர், தொழில்நுட்பத்தில் அனுபவம் குறைவு’ என்று கற்பனையாக ஒரு ஆளைச் சுவரில் ஒட்டினார்கள். பக்கத்தில் இணையத்திலிருந்து எடுத்த படம். மஞ்சள் தலைக்கவசம் போட்டுச் சிரிக்கும் ஒருவர். இரண்டு நாளும் அந்தக் குமாரைப் பற்றியே பேசினோம். ஒரு நிஜக் குமாரை லாரியில் ஏற்றி அங்கே கூட்டி வரலாம், அல்லது நாங்கள் துவாஸுக்குப் போகலாம் என்ற யோசனை யாருக்கும் வரவில்லை. எனக்கும்தான். நான் தினமும் துவாஸுக்குப் போகிறவன்!

இது வடிவமைப்பாளர்களின் அறியாமை என்று நினைத்தால் விஷயத்தைத் தவறவிடுவோம். அந்தப் பட்டறையில் இருந்தவர்கள் என்னைவிடப் படித்தவர்கள், நல்லவர்கள். பிரச்சினை அமைப்பில் இருக்கிறது. பெரிய நிறுவனத்தில் மென்பொருளை வாங்குகிறவர் ஒருவர், பயன்படுத்துகிறவர் வேறொருவர். வாங்குகிறவர் கையில் ஒரு பட்டியல் இருக்கும். நான்கு மொழி உண்டா? உண்டு. டிக். கைப்பேசியில் இயங்குமா? இயங்கும். டிக். தமிழ்ச் சொல் கட்டத்துக்குள் அடங்குமா என்ற கேள்வி எந்தப் பட்டியலிலும் கிடையாது. விற்கிறவர் வாங்குகிறவரை மகிழ்விக்கிறார். பயன்படுத்துகிறவரை மகிழ்வித்து அவருக்கு என்ன ஆகப்போகிறது?

*

இந்த இடத்தில், ‘எல்லா இடத்திலும் இப்படித்தானே தம்பி, பொறுமையாக முன்னேறுவோம்’ என்று சொல்கிறவர்களுக்காக, நம் ஊரிலேயே நடந்த ஒன்றை நினைவூட்டுகிறேன்.

2024 ஜனவரி 9ஆம் தேதி நிலப் போக்குவரத்து ஆணையம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பெரியவர்கள் பயன்படுத்தும் பழைய ஈஸி-லிங்க் அட்டைகளும் நெட்ஸ் ஃபிளாஷ்பே அட்டைகளும் ஜூன் 1 முதல் ரயிலிலும் பேருந்திலும் செல்லாது. எல்லாரும் சிம்ப்ளிகோ முறைக்கு மாற வேண்டும். பழைய முறையில் பணம் அட்டைக்குள்ளேயே இருக்கும். தட்டியவுடன் எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மீதி என்று கதவிலேயே தெரியும். புதிய முறையில் கணக்கு எங்கோ ஒரு கணினியில் இருக்கும். தட்டும் இடத்தில் எதுவும் தெரியாது. செயலியைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். மீதியைக் கதவில் காட்டக் கூடுதலாகச் சில விநாடிகள் ஆகும், வரிசை தேங்கும் என்பது ஆணையத்தின் விளக்கம். பொறியாளனாக எனக்கு அது புரிகிறது.

மக்கள் கொந்தளித்தார்கள். பெரியவர்களின் பயணங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஏற்கெனவே புதிய முறையில்தான் நடந்துகொண்டிருந்தது. ஆனாலும் மிச்சமிருந்தவர்களின் குரல் ஓயவில்லை. ‘என் காசு எவ்வளவு இருக்கு என்று தட்டும்போதே எனக்குத் தெரிய வேண்டும்’ என்றார்கள். அவ்வளவுதான் கோரிக்கை. ஜனவரி 22ஆம் தேதி போக்குவரத்து அமைச்சர் அறிவித்தார்: பழைய முறை தொடரும். அதற்காக அரசு கூடுதலாக 40 மில்லியன் வெள்ளி செலவிடும்.

பதின்மூன்று நாட்கள். நாற்பது மில்லியன் வெள்ளி. ஒரு சின்னத் திரையில் இரண்டு எண்களைத் தொடர்ந்து காட்டுவதற்கு.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. எனக்கு அந்த முடிவு பிடித்தது. என் பாட்டி கதவருகே நின்று மீதியைப் படித்துவிட்டுத்தான் நகர்வார். அவருக்கு அந்த எண் ஒரு நிம்மதி. ஆனால் இந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் வடிவமைப்புப் பாடநூலில் இல்லை. அந்தத் திரை காப்பாற்றப்பட்டதற்குக் காரணம் பயனர் ஆய்வு கிடையாது. பயனர்களுக்குச் சத்தம் போட முடிந்தது. அவர்களுக்கு வாக்கு இருந்தது. தொகுதி உறுப்பினரைச் சந்தித்துக் கேட்க முடிந்தது. யாருக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லும் பலம் இருக்கிறதோ, அவர்களுக்குத்தான் நல்ல வடிவமைப்பு கிடைக்கும். மற்றவர்களுக்குப் பயிற்சி கிடைக்கும்.

துவாஸில் இருப்பவர்களை இந்த அளவுகோலால் பாருங்கள். 2020இல் தங்குவிடுதிகளில் தொற்று பரவியபோது மனிதவள அமைச்சின் செயலிகள் அவர்களுடைய கைப்பேசிக்குள் வந்தன. தினம் இருமுறை உடல் வெப்பத்தைப் பதிய வேண்டும். இன்னொரு செயலியில் ஒரு நிறம் தெரியும். பச்சை என்றால் வேலைக்கு வெளியே போகலாம், சிவப்பு என்றால் போக முடியாது. அந்த ஆண்டு டிசம்பரில் அமைச்சே வெளியிட்ட கணக்கின்படி, விடுதிகளில் இருந்த சுமார் 3,23,000 பேரில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்து போயிருந்தது. 2022 ஜூனுக்குப் பிறகும், ஞாயிற்றுக்கிழமையில் லிட்டில் இந்தியா உள்ளிட்ட நான்கு இடங்களுக்குப் போக விடுதிவாசிகள் முன்கூட்டியே பாஸ் எடுக்க வேண்டியிருந்தது. ஒரு ஞாயிறுக்கு 80,000 பாஸ். தேக்காவில் ஒரு தோசை சாப்பிட, ஊருக்குப் பணம் அனுப்ப, கூட்டாளியைப் பார்க்க ஒரு செயலியின் சம்மதம்.

நோய்க் காலத்தில் அது தேவைதானா என்ற விவாதத்துக்குள் நான் இப்போது போகவில்லை. நான் சொல்வது வேறு. ஒரு திரையில் தெரியும் நிறம் ஒரு மனிதனை வாசலில் நிறுத்தி வைக்கும் என்றால், அந்தத் திரையை வடிவமைப்பது உச்சபட்சப் பொறுப்பு. ஆனால் அந்த மனிதனால் ‘இந்தச் செயலி எனக்கு வேண்டாம்’ என்று அழித்துவிட்டு வேறொன்றுக்குப் போக முடியாது. கடையில் விற்கும் செயலி மோசமாக இருந்தால் ஆள் போய்விடுவார், விற்றவன் பயப்படுவான். வேலை செய்யும் இடத்துச் செயலி மோசமாக இருந்தால் ஆள் போக முடியாது. எழுதியவன் எதற்குப் பயப்பட வேண்டும்?

*

‘படிக்காதவர்கள், அதனால் குழம்புகிறார்கள்’ என்பது அடுத்த வாதம். இதைக் கேட்டால் எனக்கு 2020 ஆகஸ்ட் மாதத்து சிட்டிபேங்க் கதைதான் ஞாபகம் வரும். ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனத்தின் கடனுக்கு வட்டியாக 7.8 மில்லியன் டாலர் அனுப்ப வேண்டியவர்கள், கிட்டத்தட்ட 900 மில்லியன் டாலரை அனுப்பிவிட்டார்கள். அசலை வெளியே விடாமல் வங்கியின் உள்கணக்கிலேயே நிறுத்த, திரையில் மூன்று கட்டங்களில் டிக் அடிக்க வேண்டும். ஒன்றில் மட்டும் அடித்தார்கள். இந்தியாவில் இருந்த ஒப்பந்த ஊழியர்கள் இருவர், அமெரிக்காவில் இருந்த வங்கியின் மேலாளர் ஒருவர், மூன்று பேர் பார்த்து ‘சரி’ சொன்ன பிறகுதான் பணம் போனது. ஏறத்தாழ 500 மில்லியன் டாலர் திரும்பவில்லை. 2021இல் நீதிமன்றம் வங்கிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2022இல் மேல்முறையீட்டில்தான் வங்கி தப்பியது.

மூன்று பேரும் படித்தவர்கள், அதே வேலையைத் தினமும் செய்கிறவர்கள். ஆறு கண்கள் பார்த்தும் திரை அவர்களைத் தோற்கடித்தது. குளிர் அறையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கே இப்படி என்றால், கையுறை போட்டு, வியர்வை கண்ணில் வழிய, ஒரு வெட்டுப்பட்ட சொல்லைப் பார்த்தவரிடம் ‘ஏன் சரியாகப் படிக்கவில்லை?’ என்று கேட்க எங்களுக்கு எப்படி வாய் வந்தது?

‘அவர்கள் ஆங்கிலம் கற்றுக்கொள்ளட்டும்’ என்றும் ஒருவர் கூட்டத்தில் சொன்னார். சரி, கற்றுக்கொள்ளட்டும். அதுவரை தொட்டியில் வாயு காத்திருக்குமா?

இன்னொரு வாதத்துக்கு மட்டும் நான் மரியாதை கொடுக்கிறேன். ‘பெரிய நிறுவனத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொரு மாதிரி செய்ய முடியாது, ஒரே தரம் வேண்டும், சட்டத்துக்குப் பதிவு வேண்டும்’ என்பது அது. உண்மை. 2022இல் சிங்கப்பூரில் வேலையிடங்களில் 46 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரிலிருந்து அரசு கூடுதல் கண்காணிப்புக் காலத்தையே அறிவித்தது. அப்படிப்பட்ட நேரத்தில் பதிவும் தரமும் கட்டாயம் வேண்டும். ஆனால் ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு டிக் கட்டம் கூட்டுவது தரம் ஆகாது. எங்கள் செயலியில் தொட்டிக்குள் இறங்க இப்போது பத்தொன்பது டிக். கட்டங்கள் அதிகமாக அதிகமாக யாரும் படிப்பதில்லை. கட்டைவிரல் மட்டும் தாளம் போடுகிறது. சில குழுக்களில் அதற்கென்று ஒரு ஆள் இருக்கிறார். “கண்ணு நல்லா தெரியுற பையன், அவன் தட்டிருவான்” என்று சொல்லி எல்லாருடைய பெர்மிட்டையும் ஒரே பையன் தட்டுகிறார். பதிவேட்டில் பார்த்தால் எல்லாம் பத்தரை மாற்றுத் தங்கம். சட்டத்திடம் காட்ட நிறுவனத்துக்கு ஒரு கேடயம் கிடைத்துவிட்டது. இறங்குகிறவருக்கு என்ன கிடைத்தது?

*

இப்போது நம் பக்கம் வருகிறேன். இந்த இதழை வாசிக்கும் தமிழ் ஆர்வலர்கள் பக்கம்.

2017இல் தேசிய தின அணிவகுப்புக்கான துண்டுப்பிரசுரம் ஒன்றில் தமிழ் வரி எழுத்துக் குலைந்து அச்சானது. ஏற்பாட்டுக் குழு மன்னிப்புக் கேட்டது. அந்த நேரத்தில் நம்மவர்களின் கோபம் எவ்வளவு! நானும் கோபப்பட்டேன், பகிர்ந்தேன். அறிவிப்புப் பலகையில் ஒரு ஒற்று விடுபட்டால் படம் எடுத்துப் போடுகிறோம். தப்பில்லை, போட வேண்டியதுதான். நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று என்ற தகுதியை நாம் அப்படித்தான் காவல் காக்கிறோம்.

ஆனால் நாம் காவல் காப்பது பார்வைக்கு வைத்த தமிழை. வேலைக்குப் போகும் தமிழை யார் பார்த்தார்கள்? தொழிலாளிகளின் கைப்பேசிக்குள் வெட்டுப்பட்டுக் கிடக்கும் தமிழை நம்மில் யாராவது ஒருமுறை திறந்து பார்த்தோமா? அவர்களும் தமிழர்கள்தான். ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் நமக்கு நடக்க இடம் விடாமல் நிற்கிறார்கள் என்று நாம் முணுமுணுக்கும் அதே ஆட்கள்தான்.

என் தவறு இங்கேதான் இருக்கிறது. நான் மொழிபெயர்த்தபோது என் மனதில் இருந்த வாசகர் என் தமிழாசிரியர். போர்மேன் அண்ணன் அல்ல. ‘பெர்மிட்’ என்று எழுதினால் தமிழ் கெட்டுவிடும் என்று ‘பணி அனுமதிச்சீட்டு’ என்று எழுதினேன். ‘சப்மிட்’ என்பதை ‘சமர்ப்பி’ ஆக்கினேன். “கோயில்லதான் சமர்ப்பிப்பாங்க தம்பி, இங்க என்னத்தக் கொடுக்கணும்?” என்று ஒருவர் கேட்டபோது சிரித்தேன். இன்னொரு திரையில் ‘இந்த விண்ணப்பத்தை ரத்துசெய்ய வேண்டுமா?’ என்று ஒரு கேள்வி. கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று ‘சரி’, மற்றொன்று ‘ரத்துசெய்’. எதைத் தட்டினால் ரத்தாகும்? ஆங்கிலத்தில் இருந்த அதே முட்டாள்தனத்தை ஒற்றுப் பிழை இல்லாமல் தமிழுக்குக் கொண்டுவந்திருந்தேன்.

தூய தமிழா, கலப்புத் தமிழா என்று நாம் ஆண்டுக்கணக்காக அடித்துக்கொள்கிறோம். வேலையிடத்தில் அந்தக் கேள்விக்கு அர்த்தமே இல்லை. அங்கே கேள்வி ஒன்றுதான்: முதல் மூன்று எழுத்திலேயே ஆபத்து தெரிகிறதா?

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் போர்மேன் அண்ணன். சம்பவம் நடந்த மறு வாரம், கட்டத்தின் அகலத்தை மாற்றச் சொல்லி விற்பனை நிறுவனத்துக்கு நாங்கள் கோரிக்கை அனுப்பினோம். அது கூடுதல் வேலை, கூடுதல் கட்டணம், மூன்று மேலாளர்களின் ஒப்புதல் என்று நின்றது. அதற்குள் அவர் இரண்டு தகரத் துண்டுகளை வெட்டி, பெயின்ட் அடித்து, ஒவ்வொரு தொட்டி வாயிலும் கம்பியில் தொங்கவிட்டுவிட்டார். சிவப்பில் ‘நில்’. பச்சையில் ‘போ’. சிவப்புத் தகரம் சதுரம், பச்சைத் தகரம் வட்டம். வாயுச் சோதனை செய்தவர் தன் கையால் மாற்றினால்தான் பச்சை வரும்.

“‘இறங்கலாம்’, ‘இறங்கக்கூடாது’னு எழுதலாம்னுதான் மொதல்ல நெனச்சேன். பாத்தா ரெண்டும் ‘இறங்க’னுதான் ஆரம்பிக்குது. ஒங்க ஆப்பு மாதிரியே ஆயிரும்னு மாத்திட்டேன்” என்றார்.

அவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். சபானிஸ் பெயரைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனால் அந்த ரப்பர்ச் சக்கரத்தைத் துவாஸில் இரண்டாம் முறை கண்டுபிடித்தவர் அவர். அடுத்த தணிக்கையில் ‘அங்கீகரிக்கப்படாத அறிவிப்புப் பலகை’ என்று அந்தத் தகரங்களை அகற்றச் சொன்னார்கள்.

*

எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், பெரிய புரட்சி எதுவும் வேண்டாம். நான்கு விஷயங்கள்.

ஒன்று. வேலையிடத்துச் செயலியை ஏற்றுக்கொள்ளும் கடைசிக் காகிதத்தில் மேலாளர்களின் கையெழுத்தோடு, அதைப் பயன்படுத்தப்போகும் ஒரு போர்மேனின் கையெழுத்தும் இருக்க வேண்டும். அவர் மறுத்தால் பணம் பட்டுவாடா ஆகக் கூடாது. அந்த ஒரு விதி வந்தால் போதும். மறுநாளே வடிவமைப்புக் குழு முழுவதும் துவாஸுக்கு வண்டி ஏறும்.

இரண்டு. சோதனை நடக்க வேண்டிய இடம் வேலை நடக்கும் இடம். கையுறையோடு, வெயிலில், பழைய கைப்பேசியில், உறைக்குள் வைத்து, தமிழிலும் வங்காளத்திலும் சோதிக்க வேண்டும். ஆங்கிலத் திரை நன்றாக இருக்கிறது என்பது எதற்கும் சான்று ஆகாது.

மூன்று. விபத்து அறிக்கையில் ‘பயனரின் தவறு’ என்று எழுதுகிறவர், பயனர் அந்த நொடியில் பார்த்த திரையின் படத்தையும் அதே பக்கத்தில் ஒட்ட வேண்டும். எங்கள் அறிக்கையில் ‘அனுமதிக்கப்…’ என்ற இரண்டு வரிகளின் படம் ஒட்டப்பட்டிருந்தால் மேலே உள்ள வரியை எழுத யாருக்கும் துணிச்சல் வந்திருக்காது. எனக்கும் வந்திருக்காது.

நான்கு, தமிழ் தெரிந்த என் போன்றவர்களுக்கு. முடிவை முன்னால் போடுங்கள். ‘இல்லை: அனுமதி வரவில்லை’ என்று எழுதுங்கள். இலக்கணத்துக்கு அழகில்லாமல் இருக்கலாம். வெட்டினாலும் ‘இல்லை’ மிஞ்சும்.

விற்பனை நிறுவனம் நான்கு மாதம் கழித்துக் கட்டத்தைச் சரிசெய்தது. இப்போது சொல் முழுதாகத் தெரிகிறது. அறிக்கையில் என் கையெழுத்தைத் திரும்பப் பெற வேண்டும், மூல காரணத்தைத் திருத்த வேண்டும், எச்சரிக்கைக் கடிதத்தை ரத்துசெய்ய வேண்டும் என்று பாதுகாப்புக் குழுவுக்கு மின்னஞ்சல் எழுதினேன். ‘இந்தச் சம்பவம் முடித்துவைக்கப்பட்டது’ என்று இரண்டே நாளில் பதில் வந்தது. இரண்டாம் முறை எழுதியிருக்கிறேன், இந்தத் தடவை திரையின் படத்தோடு. பதில் இன்னும் வரவில்லை.

போர்மேன் அண்ணனிடம் இதைச் சொன்னேன். “விடு தம்பி, லெட்டர்தானே. பெர்மிட்ட கேன்சல் பண்ணாம விட்டாங்களே” என்றார். அவர் சொன்ன பெர்மிட் தொட்டிக்குள் இறங்கும் பெர்மிட் அல்ல. சிங்கப்பூரில் இருப்பதற்கான பெர்மிட். அவர் ஏன் இத்தனை வருடத்தில் ஒரு திரையைப் பற்றியும் புகார் சொன்னதில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அந்த இரண்டு தகரங்களையும் அவர் தூக்கிப் போடவில்லை. பையில் வைத்திருக்கிறார். தணிக்கைக்காரர்கள் வராத நாட்களில் எடுத்து மாட்டுகிறார்.